கடற்கொள்ளையன் ஆன வைத்தியர்

புதுச்சேரியின் வடபகுதியில் முத்தியால்பேட்டையை அடுத்துள்ள கருவடிக்குப்பத்தை இலக்கியம் படித்தவர்கள் பாரதியின் குயில்தோப்புக்காக நினைவில் வைத்திருப்பார்கள். நாடகக்காரர்கள் நினைப்பது வேறொருவரை. தமிழ் நாடக உலகம் தலைமை ஆசிரியராகக் கொண்டாடும் தூத்துக்குடிச் சங்கரதாஸ் சுவாமிகளின் சமாதி அங்கேதான் இருக்கிறது. பக்கவாதத்தில் பேச்சிழந்த நிலையிலும் தன் பையன்கள் குழுவை விட்டுப் பிரியாதிருந்த அவர், குழு புதுச்சேரியில் முகாமிட்டிருந்தபோது 1922 நவம்பர் 13ஆம் நாள் காலமானார். இன்றும் நினைவு நாளில் கூத்தர்களும் நடிகர்களும் மாலையோடு அங்கே வருகிறார்கள்.

அதே 1922இல், அவர் கேள்விப்பட்டே இராத ரஃபேல் சபாட்டினி என்பவர் ‘கேப்டன் பிளட்’ என்ற கடற்கொள்ளை நாவலை வெளியிட்டார். இத்தாலியத் தந்தைக்கும் ஆங்கிலேயத் தாய்க்கும் பிறந்தவர் அவர். பெற்றோர் இருவருமே இசைநாடகப் பாடகர்கள். அந்த நாவல் 1935இல் ஹாலிவுட் படமாகி, 1965இல் தமிழில் ‘ஆயிரத்தில் ஒருவன்’ ஆனது. ஒரே வருடம் என்பது தற்செயல்தான், அதில் ஏற்ற எனக்கு அர்த்தம் எதுவும் இல்லை. ஆனால் சிறுவர்களே நடிக்கும் பையன்கள் கம்பெனி என்ற நாடக ஏற்பாடு இங்கே வேரூன்றியிருக்காவிட்டால், அந்தக் கடற்கொள்ளைக் கதை நம் கொட்டகைகளில் இவ்வளவு இயல்பாக உட்கார்ந்திருக்காது. அதைத்தான் இந்தக் கட்டுரை பார்க்கப்போகிறது. கூடவே இன்னொரு கேள்வியும் இருக்கிறது. கடற்கொள்ளையனை ஒரு நாளும் பாடிக் கொண்டாடாத தமிழர்கள் இந்தப் படத்தை மட்டும் ஏன் ஐம்பது ஆண்டுகள் கழித்தும் காசு கொடுத்துப் பார்த்தார்கள்?

முதலில் மூலப்படம். வார்னர் பிரதர்ஸ் தயாரித்து மைக்கேல் கர்ட்டிஸ் இயக்கிய ‘கேப்டன் பிளட்’டின் நாயகன் பீட்டர் பிளட் ஒரு வைத்தியர். 1685இல் இங்கிலாந்து மன்னர் இரண்டாம் ஜேம்ஸுக்கு எதிராக மான்மவுத் கோமகன் கிளர்ச்சி செய்கிறார். காயம்பட்ட கிளர்ச்சிக்காரன் ஒருவனுக்குக் கட்டுப்போட்டதற்காக வைத்தியரும் ராஜத்துரோகி ஆகிறார். தூக்குத் தண்டனை அடிமைத் தண்டனையாகக் குறைகிறது. ஜமைக்காவின் போர்ட் ராயல் சந்தையில் பத்துப் பவுனுக்கு ஏலம் போகிறார். வாங்குபவள் தோட்ட முதலாளியின் அண்ணன் மகள். தீவின் ஆளுநருக்குக் கால்விரல் வாதம். வலியைக் குறைக்கத் தெரிந்த அடிமை என்பதால் பிளட்டுக்குச் சற்று நடமாட்டச் சுதந்திரம் கிடைக்கிறது. ஸ்பானியர்கள் ஊரைத் தாக்கிக் கரையில் குடித்துக் கும்மாளமிடும் இரவில், அடிமைகள் அவர்கள் கப்பலைக் கைப்பற்றிக் கொண்டு புறப்பட்டுவிடுகிறார்கள். கொள்ளைக்காரர்கள் ஆவதைத் தவிர அவர்களுக்கு வேறு வழியில்லை.

இந்தக் கதையமைப்பைக் கவனிக்க வேண்டும். நாயகன் கொள்ளைக்காரனாக விரும்பவே இல்லை, சட்டம்தான் அவனை அந்த இடத்துக்குத் துரத்துகிறது. சட்டம் கெட்டுப்போனதால் சட்டத்துக்கு வெளியே நிற்பவன் நல்லவன் ஆகிறான். பிறகு நாட்டில் அரசன் மாறுகிறான், சட்டம் திருந்துகிறது, கொள்ளைக்காரன் ஆளுநர் நாற்காலியில் உட்காருகிறான். பார்வையாளனுக்கு இரட்டை லாபம். இரண்டு மணி நேரம் மீறலின் சுகத்தை அனுபவித்துவிட்டு, மனசாட்சியில் ஒரு கறையும் இல்லாமல் வீட்டுக்குப் போகலாம். பொருளாதாரப் பெருமந்தத்தில் வேலையையும் வங்கிச் சேமிப்பையும் இழந்திருந்த 1935இன் அமெரிக்கர்களுக்கு, மேலே இருப்பவர்கள்தான் அசல் திருடர்கள் என்று சொன்ன கதை இனித்ததில் வியப்பில்லை.

அந்தப் படத்துக்கு எரோல் ஃபிளின் இரண்டாம் தேர்வு. முதலில் பேசப்பட்ட நடிகர் விலகிக்கொள்ள, டாஸ்மேனியாவில் பிறந்த, யாருக்கும் தெரியாத 26 வயது இளைஞனை வைத்துச் சூதாடினார்கள். ஜோடியான ஒலிவியா டி ஹாவிலண்டுக்கு 19 வயது. கப்பற்போர்க் காட்சிகளில் பெரும்பகுதி சிறிய மாதிரிக் கப்பல்கள். பழைய மௌனப் படம் ஒன்றிலிருந்து வெட்டி ஒட்டிய துண்டுகளும் உண்டு. சிக்கனமாக எடுத்த கனவு. ஃபிளினின் சிரிப்பும் கோர்ன்கோல்டின் இசையும் அந்தச் சிக்கனத்தை மறைத்துவிட்டன.

படத்தில் என்னை மிகவும் இழுக்கும் இடம் சண்டை அல்ல. கப்பல் புறப்பட்டதும் பிளட் ஒரு சாசனத்தை வாசிக்கச் செய்கிறான்: கொள்ளையில் கிடைப்பது எல்லாருக்கும் பங்கு, சண்டையில் உறுப்பிழந்தவனுக்கு இன்ன தொகை என்று. இது கதாசிரியரின் கற்பனை அல்ல. கரீபியக் கொள்ளையர்களோடு வாழ்ந்த எக்ஸ்க்வெமலின் 1678இல் வெளியிட்ட நூலில் அந்தக் கணக்கு இருக்கிறது. வலக்கை போனால் 600 வெள்ளிக்காசு, இடக்கைக்கு 500, வலக்காலுக்கு 500, இடக்காலுக்கு 400, ஒரு கண்ணுக்கு 100. தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் முன்னோடி என்றே சொல்லலாம். ஆனால் அதே பட்டியலில் ஒரு மாற்று வழியும் உண்டு: 600 காசு வேண்டாமென்றால் ஆறு அடிமைகளை வாங்கிக்கொள்ளலாம். கொள்ளையர்களின் சமத்துவம் அடுத்த மனிதனின் விலையில் நின்றது. ஹாலிவுட் காசுக் கணக்கை வைத்துக்கொண்டது, அடிமைக் கணக்கை விட்டுவிட்டது. படத்தில் அடிமைகளாக நாம் காண்பது பெரும்பாலும் வெள்ளையர்கள். அந்தத் தீவுகளில் கரும்பு வெட்டிச் செத்த ஆப்பிரிக்கர்கள் பின்னணியில் நிழலாக வருவதோடு சரி.

இந்தக் கதையைத் தமிழில் எடுத்தவர் பி.ஆர்.பந்துலு. அதற்கு நான்கு ஆண்டுகள் முன்பு அவர் எடுத்ததும் ஒரு கப்பல் படம்தான். வ.உ.சி.யாகச் சிவாஜி கணேசனும் பாரதியாக எஸ்.வி.சுப்பையாவும் நடித்த ‘கப்பலோட்டிய தமிழன்’ 1961இல் வந்தது. ம.பொ.சி.யின் நூலை அடிப்படையாகக் கொண்ட, தேசிய விருது பெற்ற, இன்றுவரை மதிக்கப்படும் படம். வசூலில் படுத்துவிட்டது. வ.உ.சி.யின் அசல் கப்பலுக்கும் அதே கதிதான். 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனி, அடுத்த ஆண்டு காலியா, லாவோ என்று இரண்டு கப்பல்கள், 1908இல் சிறை, செக்கு. அதே 1908இல்தான் பாரதி கைதுக்குத் தப்பிப் பிரெஞ்சு எல்லைக்குள் வந்தார், பின்னர் கருவடிக்குப்பத்துத் தோப்பில் குயிலைக் கேட்டார்.

சட்டப்படி கம்பெனி பதிவுசெய்து, பங்கு விற்று, நியாயமான கட்டணத்தில் கப்பல் விட்டவனை அரசு கொள்ளைக்காரனை நடத்துவது போல நடத்தியது. அந்த உண்மைக் கதையைத் தமிழன் கண்ணீரோடு பார்த்துவிட்டு இரண்டாம் முறை போகவில்லை. தோற்கிற கப்பலைத் திரும்பத் திரும்பப் பார்க்க யாருக்குத்தான் மனம் வரும்? பந்துலு இதை உணர்ந்துதான் அடுத்த கப்பலை விட்டார் என்று சொல்லிவிட முடியாது. வெளிக்காரணங்கள் வேறு. பெரும் பொருட்செலவில் ‘கர்ணன்’ எடுத்தார். பிறகு ‘முரடன் முத்து’வைச் சிவாஜியின் நூறாவது படமாக அறிவிக்க விரும்பினார், அந்த இடம் ‘நவராத்திரி’க்குப் போனது. மனக்கசப்போடு எம்.ஜி.ஆரிடம் வந்தார். ஆனாலும் இரண்டு படங்களையும் அடுத்தடுத்துப் பார்த்தால், முதல் படத்தில் மூழ்கியதை இரண்டாவதில் மிதக்கவிட்டிருக்கிறார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

‘ஆயிரத்தில் ஒருவன்’ 1965 ஜூலை 9இல் வெளியானது. எம்.ஜி.ஆர். வைத்தியர் மணிமாறன். அந்த ஆண்டுதான் தமிழில் அறிமுகமாகியிருந்த ஜெயலலிதா, பூங்கொடி. இருவரும் சேர்ந்து நடித்த 28 படங்களில் இது முதலாவது. கடற்கொள்ளையர் தலைவனாக நம்பியார், இன்னொரு முக்கிய வேடத்தில் ஆர்.எஸ்.மனோகர், சிரிப்புக்கு நாகேஷ். கப்பல் காட்சிகளைக் கார்வார் கடற்கரைக்குப் போய் எடுத்தார்கள். விஸ்வநாதன்–ராமமூர்த்தி இரட்டையர் பிரிவதற்கு முன் இணைந்து இசையமைத்த கடைசிப் படமாகவும் இது பேசப்படுகிறது. கதையின் எலும்புக்கூடு சபாட்டினியுடையதேதான்: வைத்தியம் பார்த்த குற்றம், தீவில் அடிமை வாழ்வு, கப்பல், கொள்ளையர் கூட்டம். மாறியிருப்பது அதன் பாரம்.

மலைக்கள்ளனுக்கும் காட்டுக்கொள்ளைக்காரனுக்கும் தமிழ் மனத்தில் இடம் உண்டு. பணக்காரனிடம் பறித்து ஏழைக்குக் கொடுத்தவன் என்று கதைப்பாட்டில் ஏறியவர்கள் தென்மாவட்டங்களில் பலர். நாமக்கல் கவிஞரின் ‘மலைக்கள்ளன்’ 1954இல் எம்.ஜி.ஆர். படமாகிக் குடியரசுத் தலைவரின் வெள்ளிப் பதக்கம் வாங்கியது. கடலில் கொள்ளையடித்தவனுக்கு இப்படி ஒரு பாட்டும் கிடையாது. பதிற்றுப்பத்துச் சேரன் கடற்கொள்ளையர்களான கடம்பரை அடக்கியதற்காகப் புகழப்படுகிறான், கடம்பரை யாரும் புகழவில்லை. காரணத்தை ஊகிக்கலாம். நிலத்துக் கள்ளன் ஊருக்குத் தெரிந்தவன், அவன் குலமும் கோபமும் ஊர் அறியும். கடல் வழியாக வந்தவன் அந்நியன். நம் கரைக்குக் கப்பலில் வந்தவர்கள் பெரும்பாலும் எதையாவது எடுத்துக்கொண்டு போகத்தான் வந்தார்கள்.

வங்கக் கடலில் அசல் கொள்ளைக்காரர்களும் இருந்தார்கள், அதுவும் அரசாங்கக் கடிதத்தோடு. பிரெஞ்சுக்காரரான ராபர்ட் சுர்கூஃப் 1800 அக்டோபரில் தன் கப்பலைவிடப் பெரிய ‘கென்ட்’ என்ற ஆங்கிலக் கம்பெனிக் கப்பலை இந்தக் கடலில் மடக்கிப் பிடித்தார். புதுச்சேரி அப்போது ஆங்கிலேயர் கையில் இருந்ததால் மொரீஷியஸே அவருக்குத் தளம். ஆங்கிலேயருக்கு அவர் கொள்ளைக்காரர், பிரெஞ்சுக்காரருக்கு வீரர். கனோஜி ஆங்கிரேயும் குஞ்ஞாலி மரைக்காயர்களும் மறுபக்க உதாரணங்கள். ஆங்கிலேயரும் போர்த்துகீசியரும் அவர்களைக் கொள்ளையர் என்று எழுதிவைத்தார்கள். நமக்கு அவர்கள் கடற்படைத் தலைவர்கள். சாண்டில்யன் இந்த நுணுக்கத்தை நன்றாகப் பிடித்துக்கொண்டார். ‘கடல் புறா’வில் கருணாகரத் தொண்டைமான் அகூதா என்ற கொள்ளைத் தலைவனிடம் தொழில் கற்கிறான், ஆனால் விசுவாசம் சோழனுக்கு. ‘ஜல தீப’த்தில் ஆங்கிரேயே வந்துவிடுகிறார். தமிழ் வாசகன் கடற்கொள்ளையை ரசிக்க, அதன்மேல் ஏதாவது ஒரு முத்திரை குத்தியிருக்க வேண்டும். நாவலில் அது அரச முத்திரை. படத்தில் அது அடிமையின் காலில் விலங்கு பதித்த தழும்பு.

எனவே அடிமைக் கதைக்கு வருவோம். புதுச்சேரிக்காரனுக்கு இது ஜமைக்காவில் நடந்த எவனோ ஒருவனின் கதையாகத் தோன்றியிருக்க வேண்டியதில்லை. ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் 1743ஆம் ஆண்டுப் பகுதியில், ஆட்களை வேலைக்கென்று ஏமாற்றி அழைத்துவந்து அடைத்துவைத்து, அடிமைகளாகக் கப்பலேற்றிய கும்பலைப் பற்றிய செய்தி வருகிறது. புதுச்சேரியில் அப்போது கப்பல் வந்து அணையும் துறைமுகம் இல்லை. கப்பல்கள் தூரத்தில் நங்கூரமிட்டு நிற்கும், அலையைத் தாண்டி ஆளையும் சரக்கையும் கொண்டு சேர்ப்பது சலங்குப் படகு. பிரெஞ்சுத் தீவுகளுக்கான அடிமைகளும் அப்படித்தான் போனார்கள்.

1848இல் பிரான்ஸ் தன் குடியேற்றங்களில் அடிமை முறையை ஒழித்தது. கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் பற்றாக்குறை வந்தது. ஒப்பந்தக் கூலி என்ற புதுப் பெயரோடு அதே கரைகளிலிருந்து ஆட்கள் திரும்பவும் கப்பலேறினார்கள். புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் ரீயூனியனுக்கு மட்டுமல்ல, 1853 முதல் மார்த்தினிக்குக்கும் அடுத்த ஆண்டு முதல் குவாதலூப்புக்கும் தமிழர்கள் போனார்கள். அதாவது பீட்டர் பிளட் கப்பல் செலுத்திய அதே கரீபியக் கடலுக்கு.

அங்கே அவர்கள் கொண்டுபோன தெய்வங்களில் மாரியம்மன் முதன்மை. அவளுக்குப் பக்கத்தில் ‘மால்தெவிடன்’ என்று இன்றும் வணங்கப்படுபவர் மதுரை வீரன். கையில் வாள், அருகில் குதிரை. ‘நாகூர்மீரா’ என்ற பெயரில் நாகூர் ஆண்டவரையும் கும்பிட்டார்கள். கடற்பயணத்தைக் காப்பவர் என்பதால் அவருக்குப் பாய்மரம் போல ஒரு கம்பம் நட்டுக் கொடியேற்றுகிறார்கள். ஹாலிவுட் தன் கொள்ளையர் படங்களில் ஒரு தடவைகூடக் காட்டாத கரீபியன் இது. எம்.ஜி.ஆர். ‘மதுரை வீரன்’ ஆகி நடித்தது 1956இல். அதற்கு நூறு ஆண்டுகள் முன்பே வாளேந்திய அந்த வீரன் கூலிகளோடு கடல் தாண்டிவிட்டான்.

எம்.ஜி.ஆரும் கடலுக்கு அப்பால் பிறந்தவர். 1917இல், தேயிலைத் தோட்டங்கள் சூழ்ந்த இலங்கையின் நாவலப்பிட்டியில். அவருடைய முதல் படம் 1936இல் வந்த ‘சதிலீலாவதி’. அதன் நாயகன் ஒரு கட்டத்தில் இலங்கைக்கு ஓடித் தேயிலைத் தோட்டத்தில் கூலியாக உழைக்கிறான். பாரதி ஏற்கெனவே ஃபிஜித் தீவுக் கரும்புத் தோட்டத்துப் பெண்களுக்காக அழுது தீர்த்திருந்தார். மலேயா, பர்மா, இலங்கை என்று போனவர்களின் கதை தமிழ்நாட்டில் எந்தத் தெருவிலும் ஒரு வீட்டிலாவது இருந்தது. ஆக, திரையில் ஒரு தீவு, அங்கே சவுக்கு, விலைக்கு வாங்கப்பட்ட ஆட்கள் என்றதும் 1965இன் பார்வையாளன் சபாட்டினியை நினைத்திருக்க மாட்டான், தன் பாட்டன் கப்பலேறிய நாளை நினைத்திருப்பான். கைப்பற்றிய கப்பலில் அடிமைகள் கூடிப் பாடும், கண்ணதாசன் எழுதிய அந்த விடுதலைப் பாட்டு இன்றுவரை தேர்தல் மேடைகளிலும் ஒலிக்கிறதென்றால், அதற்கு மெட்டு மட்டும் காரணமாக இருக்க முடியாது.

அரசியல் சூழலையும் சொல்லியாக வேண்டும், நீட்டாமல். அந்த ஆண்டின் ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் இந்தி எதிர்ப்புப் போராட்டம் மாநிலத்தை உலுக்கியிருந்தது. எம்.ஜி.ஆர். தி.மு.க.வின் முகம். இரண்டு ஆண்டுகளில் அந்தக் கட்சி ஆட்சியைப் பிடித்தது. கொடுங்கோலனை எதிர்த்து அடிமைகள் எழும் கதை யாரைச் சுட்டுகிறது என்று கொட்டகையில் யாரும் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. பிரெஞ்சு ஆட்சி 1954இல் விலகி, 1962 ஆகஸ்டில்தான் சட்டப்படி இந்தியாவோடு இணைந்திருந்த புதுச்சேரியில், விடுதலை என்ற பேச்சுக்கே ஈரம் காயவில்லை.

இனி கத்தி. ஹாலிவுட்டின் பொற்காலக் கத்திச் சண்டைகளுக்குப் பின்னால் இருந்தவர் ஃபிரெட் கேவன்ஸ் என்ற பெல்ஜியக்காரர். அசல் வாள்பயிற்சியில் அசைவுகள் சிறியவை, மணிக்கட்டு அசைவதே தெரியாது, பார்ப்பவனுக்கு ஒன்றும் விளங்காது. கேவன்ஸ் ஒவ்வொரு வீச்சையும் பெரிதாக்கினார். அடி எங்கிருந்து வந்து எங்கே தடுக்கப்பட்டது என்று கடைசி வரிசைக்கும் தெரிய வேண்டும் என்றார். வேடிக்கை என்னவென்றால் ஃபிளினுக்கு வாள்வித்தை பெரிதாகத் தெரியாது. அவரிடம் கடற்கரையில் தோற்றுச் சாகும் பேசில் ராத்போன்தான் படைப் போட்டிகளில் பட்டம் வென்ற அசல் வீரர். ‘கேப்டன் பிளட்’டிலும் ‘ராபின் ஹுட்’டிலும் ஃபிளினிடம் செத்தார், 1940இல் ‘சோரோ’வில் டைரோன் பவரிடம் செத்தார். வித்தை தெரிந்தவன் விட்டுக்கொடுத்தால்தான் தெரியாதவன் ஜெயிப்பது அழகாக இருக்கும்.

இந்த இரண்டு பாடங்களும் நம் கம்பெனி மேடைகளில் ஏற்கெனவே உண்டு. சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபாவைத் தொடங்கினார். டி.கே.எஸ். சகோதரர்கள் அதில் வளர்ந்தவர்கள். அதையொட்டிப் பெருகிய பையன்கள் கம்பெனிகளில் ஒன்றுதான் எம்.ஜி.ஆர். சிறுவனாகச் சேர்ந்த மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனி. பாட்டு, வசனம், உடற்பயிற்சி, மேடையில் விழக் கற்றுக்கொள்வது, எல்லாமே சோற்றோடு சேர்ந்த பாடம். பையன் ராஜபார்ட்டாக நிற்கும்போது நடையே சொல்லிவிட வேண்டும், இவன் தோற்கமாட்டான் என்று. ஒலிபெருக்கி இல்லாத கொட்டகையில் மண்தரையில் உட்கார்ந்திருப்பவனுக்கு வாள் மின்னுவது தெரிய வேண்டும். கேவன்ஸ் காமிராவுக்காகக் கண்டுபிடித்ததை வாத்தியார்கள் அகல்விளக்குக்காகவும் காஸ் விளக்குக்காகவும் கண்டுபிடித்திருந்தார்கள்.

‘ஆயிரத்தில் ஒருவ’னின் ஆட்களை ஒரு வரிசையாக நிறுத்திப் பார்த்தால் இது இன்னும் தெளியும். எம்.ஜி.ஆர். ஒரிஜினல் பாய்ஸ். நம்பியார் நவாப் ராஜமாணிக்கம் பிள்ளையின் கம்பெனியில் வளர்ந்தவர். பந்துலுவே கன்னட நாடகத்தின் குப்பி வீரண்ணா கம்பெனியிலிருந்து வந்தவர். மனோகர் ‘இலங்கேஸ்வரன்’ போன்ற பிரம்மாண்ட நாடகங்களால் மேடையிலும் பெயர் பெற்றவர். ஹாலிவுட்டில் நடிகர்களுக்குச் சில வாரங்கள் வாள்பயிற்சி கொடுத்துக் காமிரா முன் நிறுத்தினார்கள். இங்கே பையன்கள் கம்பெனியிலிருந்து வந்தவர்களுக்குச் சிறுவயதிலிருந்தே அட்டைக் கத்தி கைப்பழக்கம்.

இந்தப் பரம்பரையில் எம்.ஜி.ஆர். முதல்வர் அல்ல. 1948இல் ‘சந்திரலேகா’வில் ரஞ்சனும் எம்.கே.ராதாவும் போட்ட நீண்ட வாள்சண்டை இன்றும் அளவுகோல். எம்.கே.ராதா, ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனிக்கு நாடகம் எழுதிப் பயிற்றுவித்த கந்தசாமி முதலியாரின் மகன். ‘சதிலீலாவதி’யின் நாயகனும் அவர்தான். அந்தப் படத்தை இயக்கியவர் அமெரிக்காவிலிருந்து வந்த எல்லிஸ் ஆர். டங்கன், 1950இல் ‘மந்திரி குமாரி’யில் அவரே மீண்டும் எம்.ஜி.ஆருக்கு வாள் கொடுத்தார். ‘சர்வாதிகாரி’, ‘நாடோடி மன்னன்’ என்று ஹாலிவுட் கதைகளைத் தமிழ் அரண்மனைக்குள் கொண்டுவந்த படங்கள் வரிசையாக உண்டு. ஹாலிவுட்டைப் பார்த்துக் காப்பியடித்தார்கள் என்ற வழக்கமான குற்றச்சாட்டில் உண்மை இருக்கிறது. கதையைப் பொறுத்தவரை மட்டும். கை, கால், குரல், சிரிப்பு இதெல்லாம் உள்ளூர்ச் சரக்கு.

சிரிப்பைப் பற்றி ஒரு வார்த்தை. ஃபிளின் சண்டையில் சிரிப்பார், எம்.ஜி.ஆரும் சிரிப்பார். இரண்டும் ஒன்றல்ல. ஃபிளினின் சிரிப்பில் ‘மாட்டிக்கொள்ளாமல் தப்பித்துவிட்டேன் பார்’ என்ற குறும்பு இருக்கும். எம்.ஜி.ஆரின் சிரிப்பு எதிரிக்குப் பாடம் நடத்தும் வாத்தியாரின் சிரிப்பு. எதிரியின் கையிலிருந்து வாள் விழுந்தால் எடுத்துக் கொடுத்துவிட்டுத் தொடர்வார். அவரை வாத்தியார் என்றே ரசிகர்கள் அழைத்தது எவ்வளவு பொருத்தம்! அந்த மேன்மையில்தான் தமிழ்ப் படத்துக்கு ஒரு நஷ்டமும் நேர்ந்தது. கடற்கொள்ளைப் படத்தின் அசல் ருசி பொறுப்பின்மை. 1926இல் டக்ளஸ் ஃபேர்பேங்க்ஸ் ‘தி பிளாக் பைரேட்’டில் பாய்மரத்துணியில் கத்தியைக் குத்தி, அது கிழியக் கிழியச் சறுக்கிக்கொண்டே இறங்குவார். கதைக்கு அது தேவையே இல்லை, உடம்பின் ஆனந்தம் ஒன்றுதான் காரணம். 1952இல் ‘தி கிரிம்சன் பைரேட்’டில் பர்ட் லங்காஸ்டரும் நிக் கிராவட்டும் தங்கள் பழைய சர்க்கஸ் வித்தைகளையெல்லாம் அவிழ்த்துவிட்டுப் படம் முழுக்கக் குட்டிக்கரணம் போட்டார்கள். மணிமாறனுக்கு அந்த உரிமை இல்லை. அவர் தோளில் ஒரு நாட்டின் அடிமைகள் உட்கார்ந்திருக்கிறார்கள். ஆடினாலும் கொள்கைக்காக ஆட வேண்டும். விளையாட்டுத்தனத்தையெல்லாம் நாகேஷிடம் ஒப்படைத்துவிட்டார்கள்.

ஹாலிவுட்டுக்கும் இந்தப் பாரம் தெரியாததில்லை. 1940இல் கர்ட்டிஸும் ஃபிளினும் மீண்டும் சேர்ந்த ‘தி ஸீ ஹாக்’ படத்தில் நாயகனும் கூட்டாளிகளும் ஸ்பானியக் கப்பலில் துடுப்புக்கட்டையோடு பிணைக்கப்பட்ட அடிமைகள். சங்கிலியை ஓசைப்படாமல் அறுத்துக்கொண்டு அவர்கள் எழும் காட்சிதான் படத்தின் உச்சம். ஐரோப்பா போரில் எரிந்துகொண்டிருந்த அந்த ஆண்டில், ஸ்பானிய மன்னன் யாரைக் குறித்தான் என்று லண்டனில் எல்லாருக்கும் புரிந்தது. ஆக, இந்தப் பட வகையின் சிறந்த மாதிரிகளில் தங்கப் பெட்டியும் புதையல் வரைபடமும் இரண்டாம் பட்சம். விலங்கு முதல் பட்சம். தமிழ்ப் படம் அந்த ஒரு இழையை எடுத்து முழுச் சேலையாக நெய்துவிட்டது.

அதற்குப் பின் தமிழில் இந்த வகை வளரவில்லை. கடலில் படமெடுப்பது காசையும் நாளையும் தின்னும் வேலை என்பது முதல் காரணம். எம்.ஜி.ஆரும் சமூகப் படங்களுக்கு நகர்ந்துகொண்டிருந்தார். 1969இல் ‘அடிமைப்பெண்’ எடுத்தபோது அடிமைகளை வைத்துக்கொண்டார், கடலை விட்டுவிட்டுப் பாலைவனத்துக்குப் போனார். பந்துலுவின் கடைசி முயற்சி ‘மதுரையை மீட்ட சுந்தரபாண்டியன்’. 1974இல் அவர் இறந்துவிட, எம்.ஜி.ஆரே முடித்து 1978இல் வெளியிட்டார். அதுவே அவர் நடித்து வந்த கடைசிப் படமாகவும் ஆயிற்று. அந்நேரம் அவர் முதலமைச்சர் நாற்காலியில் இருந்தார். பீட்டர் பிளட்டுக்குக் கதையில் கிடைத்த முடிவு.

டிஜிட்டலில் புதுப்பித்த ‘ஆயிரத்தில் ஒருவன்’ 2014 மார்ச்சில் மறுபடி வந்து, சென்னையில் 175 நாளைத் தாண்டி ஓடியது. குளிரூட்டிய அரங்குகளுக்குள் வந்த எல்லாரையும் பழைய ரசிகர்களின் ஏக்கம் என்று ஒதுக்கிவிட முடியாது. வெறும் ஏக்கம் இரண்டு வாரத்தில் தீர்ந்துவிடும். அதற்கு நான்கு ஆண்டுகள் முன்பு செல்வராகவன் இதே தலைப்பைக் கடன் வாங்கி, தொலைந்துபோன சோழர்களைத் தேடிப் போகும் ஒரு கடற்பயணக் கதையை எடுத்திருந்தார். அந்தக் கப்பலிலும் நாயகன் இளவரசனோ மாலுமியோ அல்ல. கார்த்தி நடித்த முத்து, மூட்டை சுமக்கக் கூலிக்கு அமர்த்தப்பட்ட ஆட்களின் தலைவன்.